இளைஞர்களுக்கான இலவச மனநல ஆதரவு மையம்: கதவைத் திறக்கும் முன்னும் பின்னும்

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் மையம் எதையெல்லாம் செய்யாது என்று எழுதுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதுவது சுலபம். ஆர்வம் இருந்தால் அரை மணி நேரத்தில் நான்கு பக்கம் வந்துவிடும். செய்யாதவற்றின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது, ஆனால் பின்னால் மையத்தைக் காப்பாற்றுவது அந்த ஒரு பக்கம்தான்.

அதில் இருக்கவேண்டியவை இவை. நோயின் பெயர் சொல்லமாட்டோம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவோ குறைக்கச் சொல்லவோ மாட்டோம். யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கிறவர், பல நாட்களாகத் தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகத்தில் இருப்பவர், சாப்பாட்டை ஒதுக்கி எடை வேகமாக இறங்கியவர் ஆகியோரை நாங்களே பார்த்துக்கொள்ள முயலமாட்டோம், மருத்துவரிடம் சேர்ப்போம். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னையோட விட்டுடுங்க" என்று சொல்லமாட்டோம். உடல் மதுவுக்குப் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லெண்ணத்தில் சொன்ன புத்திமதி ஆளைக் கொல்லக்கூடிய இடம் அது.

இவ்வளவையும் தள்ளிவிட்டால் செய்வதற்கு என்ன மிச்சம்? காது கொடுத்துக் கேட்பது, பிரச்சினையைப் பிரித்துப் பார்க்க உதவுவது, முடங்கிப்போன அன்றாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்பது, ஆபத்தை நேரத்தில் கண்டுகொள்வது, சரியான இடத்தில் சேர்ப்பது, சேர்ந்தாரா என்று விசாரிப்பது. இதற்கெல்லாம் மருத்துவப் பட்டம் வேண்டாம். பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் வேண்டும். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, 6 அமர்வுகளில் பிரச்சினை தீர்க்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. 6 மாதம் கழித்து அளந்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்களிடம் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதே முறையை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆகவே வயதைத் தீர்மானியுங்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட ஹெட்ஸ்பேஸ் என்ற இளைஞர் மனநல மையங்கள் 12 முதல் 25 வயது வரை எடுத்துக்கொள்கின்றன. 18 ஆனதும் குழந்தைகள் பிரிவு கைவிடுவதும் பெரியவர்கள் பிரிவு தயங்குவதும் பல இடங்களில் நடக்கிறது. அந்த இடைவெளியை அடைக்க இப்படி நீண்ட வயது வரம்பு உதவும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் யோசனை 16 முதல் 24. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உதவுவதென்றால் வீட்டோடும் பள்ளியோடும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். அதற்கான திறமை வேறு. ஓராண்டு கைபழகிய பின் வயதைக் கீழே இறக்கலாம்.

சேர்க்கும் இடங்களின் பட்டியல்

யாரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் முதல் ஆளைச் சந்திக்கக் கூடாது. இந்தப் பட்டியலுக்குக் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அவசர சிகிச்சைப் பிரிவு, மனநல மருத்துவர், உளவியலாளர், பொது மருத்துவர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம், குடும்ப வன்முறைக்கான உதவி, போதை மீட்பு, தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை ஆகிய எட்டும் அதில் கட்டாயம். பொது மருத்துவர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் ஆளைச் சோர்ந்து படுக்க வைக்கும், எதிலும் ஆர்வம் இல்லாமல் ஆக்கும். பார்ப்பவருக்கு அது மனச்சோர்வு போலவே தெரியும். மாதக்கணக்காகக் களைப்பு என்பவருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை நடக்கட்டும்.

இணையத்தில் கிடைத்த எண்களைத் தொகுத்து ஒட்டினால் அது பட்டியல் ஆகாது. ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போங்கள். எந்த வயதினரைப் பார்க்கிறார்கள், எந்தெந்த நாள், கட்டணம் உண்டா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், என்ன கையில் கொண்டுவர வேண்டும், பெற்றோர் இல்லாமல் வரலாமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அங்கே ஒரு மனிதரின் பெயர் வேண்டும். "மருத்துவமனைக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினால் பலர் வாசல் வரை போய்த் திரும்பிவிடுவார்கள். "ரெண்டாவது மாடியில இந்தப் பேர் சொல்லிக் கேளுங்க, நான் அவங்ககிட்ட பேசிட்டேன்" என்றால் உள்ளே போவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்களையும் அழைத்துச் சரிபாருங்கள். ஆள் மாறிவிடும், நாள் மாறிவிடும்.

ஆட்கள்

வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் திறந்திருக்கும் மையத்துக்கு 8 தன்னார்வலர்கள், ஓர் ஒருங்கிணைப்பாளர், தகுதி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் போதும். திறந்திருக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் வந்த நாளில் கதவைத் திறக்காதீர்கள். ஒருவர் அறைக்குள் இருக்கும்போது வெளியே அவசரம் வந்தால் பார்க்க ஆள் இருக்காது என்பது ஒரு காரணம். தனியாக ஒரு பெரியவரும் ஓர் இளையவரும் மட்டுமே இருக்கும் கட்டடம் இருவருக்குமே பாதுகாப்பில்லை என்பது இன்னொன்று.

தேர்வு செய்யும்போது, நிறையப் பேசுகிறவர்களைவிடக் கேட்கத் தெரிந்தவர்களைப் பாருங்கள். நேர்காணலில் பத்து நிமிட நடிப்புப் பயிற்சி வையுங்கள். ஒருவர் மனமுடைந்த மாணவராக நடிக்கட்டும், விண்ணப்பித்தவர் பேசட்டும். மூன்றாவது நிமிடத்திலேயே தீர்வு சொல்லத் தொடங்குகிறவர் பயிற்சியில் மாறலாம். மாணவரைத் திட்டுகிறவர் மாறுவது கடினம். சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவரை ஓராண்டு கழித்து வரச் சொல்லுங்கள். மதமோ கட்சியோ பரப்பும் எண்ணம் தென்பட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பின்னணி விசாரணையும் இரண்டு பேரின் சான்றும் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் விலக்கில்லை.

பயிற்சி குறைந்தது 40 மணி நேரம், அதில் பாதி நடிப்புப் பயிற்சி. பாடத்துக்கு நீங்கள் தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் நிபுணர் அல்லாதவர்களுக்காகவே கையேடுகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பெரியவர்களுக்கான 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' 5 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வளரிளம் பருவத்தின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கான 'ஈஸ்' என்பதில் பிள்ளைகளுக்கு 7 குழு அமர்வும் பெற்றோருக்கு 3 அமர்வும் உண்டு.

பயிற்சியைவிட எளிதில் கைநழுவுவது மேற்பார்வை. வாரம் ஒரு மணி நேரம் எல்லாத் தன்னார்வலர்களும் மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து அந்த வாரச் சந்திப்புகளைப் பெயர் சொல்லாமல் அலச வேண்டும். நேரமில்லை என்று இது தள்ளிப்போகத் தொடங்கினால், தன்னார்வலர்கள் மெல்லத் தங்கள் பழைய பழக்கத்துக்கே, அதாவது அறிவுரைக்கே, திரும்பிவிடுவார்கள். மையத்தில் மற்ற எல்லோரும் சம்பளமில்லாமல் உழைத்தாலும் மேற்பார்வையாளருக்கு ஊதியம் கொடுங்கள். அவசரத்தில் இரவு பத்து மணிக்கும் அழைக்கவேண்டிய ஆளிடம் உரிமையோடு கேட்க முடிய வேண்டும்.

ஒரு மாலையில் ஒரு தன்னார்வலருக்கு மூன்று சந்திப்புக்கு மேல் வேண்டாம். நான்காவது ஆளுக்குக் கிடைப்பது முழு கவனமாக இருக்காது.

இடமும் நேரமும்

இதற்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. நூலகம், விளையாட்டுக் கூடம், சமூகக் கூடம் என்று பலரும் பல வேலைக்காக வந்துபோகும் கட்டடத்தில் ஓர் அறை நல்லது. உள்ளே நுழைகிறவர் எதற்காக வந்தார் என்று தெருவுக்குத் தெரியாது. பெயர்ப் பலகையில் 'மனநலம்' என்ற சொல் இல்லாமல் இருப்பதும் நல்லது. அறைக் கதவில் ஒரு சிறு கண்ணாடி இருக்கட்டும்: பார்க்க முடிய வேண்டும், கேட்க முடியக் கூடாது. கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியோ மெல்லிய இசையோ ஓடினால் உள்ளே பேசுவது வெளியே விழாது. நாற்காலிகள் இரண்டையும் நேருக்கு நேர் போடாமல் சற்றுக் கோணலாகப் போடுங்கள், இளையவரின் பார்வைக்குத் தப்பித்துப் போக ஓர் இடம் இருக்கும். நடுவில் மேசை வேண்டாம். கதவுக்குப் போகும் வழியில் யாருடைய நாற்காலியும் குறுக்கே இருக்கக் கூடாது. சுவர்க் கடிகாரம் வந்தவரின் தலைக்குப் பின்னால் இருக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

நேரம் மாறக் கூடாது. செவ்வாய், வெள்ளி மாலை 4 முதல் 7 என்றால் மழை பெய்தாலும் அதே நேரம்தான். முதல்முறை வருகிற பலர் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். மூன்றாவது தடவைதான் உள்ளே வருவார்கள். அந்த மூன்றாவது நாள் கதவு பூட்டியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்தது.

முதல் சந்திப்பு

ஐம்பது நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் இரகசியம் பற்றி. படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு முன் வாயால் சொல்லுங்கள்: "நீங்க இங்க பேசுறத நான் உங்க வீட்லயோ காலேஜ்லயோ சொல்லமாட்டேன். மூணு விஷயத்துல மட்டும் என்னால அப்படி இருக்க முடியாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னா, உங்களால வேற யாருக்காவது ஆபத்துன்னா, பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற யாரையாவது யாராவது துன்புறுத்துறாங்கன்னா. அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட பேசுவேன்." பிறகு, "இதுல ஏதாவது யோசனையா இருக்கா?" என்று கேட்டு நிறுத்துங்கள். இந்த விதிவிலக்குகளின் வரம்பை உங்கள் நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும், 18 வயதுக்குக் கீழானவருக்குப் பெற்றோர் ஒப்புதல் எப்போது தேவை என்பதையும் சேர்த்து. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கிவிட்டு, "என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம். நாற்பதாவது நிமிடத்தில் அவர் தற்கொலைத் திட்டத்தைச் சொல்லும்போது, ஒன்று வாக்கை மீற வேண்டும், இல்லையென்றால் ஆபத்தை மூடிவைக்க வேண்டும்.

பதின்ம வயதினரையும் "நீங்க" என்றே அழையுங்கள். நெருக்கம் வந்தபின் அவர்களாகவே "நீன்னே சொல்லுங்கக்கா" என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முப்பது நிமிடம் அவருடையது. "இன்னைக்கு எதப் பத்திப் பேசணும்னு வந்தீங்க?" என்று தொடங்கி விட்டுவிடுங்கள். அமைதி வந்தால் வரட்டும், பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் ஏழெட்டில் அவரே பேசுவார். "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்ற கேள்வி விசாரணை போல விழும், "அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும். இடையிடையே அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "ஹாஸ்டல் மாறினதிலருந்து யார்கூடவும் சாப்பிடப் போறதில்ல, ரூம்லயே இருக்கீங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துவார், அதுவும் லாபம்தான்.

"எல்லாம் சரியாயிடும்", "எங்க காலத்துல இதெல்லாம் ஒரு பிரச்சினையா?", "அம்மா அப்பாவ நெனச்சுப் பாருங்க" ஆகிய மூன்றும் நாக்கின் நுனியிலேயே இருக்கும். மூன்றாவது இருப்பதிலேயே மோசம். ஏற்கெனவே வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று உருகிக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு பாரம்.

விபத்து, வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்ற எதையும் விவரமாகச் சொல்லவைக்க முயலாதீர்கள். அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஆய்வுகளில் பலன் தரவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியும் இருக்கிறது. அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

கடைசி பதினைந்து நிமிடத்தில் புதிய கதவு எதையும் திறக்காமல், இதுவரை கேட்டதைத் தொகுத்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு சிறு காரியத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அடுத்த சந்திப்பின் நாளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வினாத்தாள்கள்

2001இல் வெளியான பி.எச்.க்யூ-9 வினாத்தாள் மனச்சோர்வை அளக்க, 2006இல் வந்த ஜி.ஏ.டி-7 பதற்றத்தை அளக்க. இரண்டும் இலவசம். முன்னதில் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. பின்னதில் 7 கேள்வி, மொத்தம் 21. இரண்டிலும் 10ஐத் தொட்டால் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். இந்த எண் நோயை உறுதிசெய்யாது, மேலே விசாரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். சொந்தமாக மொழிபெயர்க்காமல், சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பைத் தேடி எடுங்கள். உள்ளே நுழைந்ததும் தாளை நீட்டாமல், பேச்சு சற்று ஓடியபின் கொடுங்கள்.

இதில் நடக்கும் ஆபத்தான தவறு ஒன்று. பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. தாளை வாங்கிக் கோப்பில் செருகி, வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது அதில் 2 என்று போட்டிருப்பது தெரியவரும். அதற்குள் அவர் போய் நான்கு நாளாகியிருக்கும். தாளை வாங்கியதும் முதலில் ஒன்பதாவது வரியைப் பாருங்கள். பூஜ்யம் தவிர எது இருந்தாலும், அவர் அறையை விட்டுப் போவதற்குள் பேசியாக வேண்டும்.

தற்கொலை பற்றிக் கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் புதியவர் எல்லோருக்கும் உண்டு. கேட்பதால் எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, ஒருவராவது கேட்டாரே என்று பலருக்கு மூச்சு விட்டாற்போல இருக்கும். கேட்கும் விதத்தில்தான் சங்கதி இருக்கிறது. "தப்பா எதுவும் நெனைக்கலையே?" என்றால் "இல்லை" என்ற பதிலைத்தான் நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள். நேராகக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களுக்குச் சில சமயம் செத்துரலாம்னு தோணும். உங்களுக்குத் தற்கொலை பண்ணிக்கணும்ங்கிற எண்ணம் வருதா?" குரல் தாழக் கூடாது, பார்வை தாளில் இருக்கக் கூடாது.

ஆம் என்றால் பதறாமல் வரிசையாகப் போங்கள். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, கடைசியாக எப்போது? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா? அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? முன்பு முயன்றிருக்கிறாரா? இப்போது இந்த நிமிடம் அந்த எண்ணம் இருக்கிறதா? இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது எது?

இப்போதே எண்ணம் இருக்கிறது, அல்லது திட்டமும் வழியும் இருக்கின்றன என்றால் அவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்கட்டும். இரண்டாவது தன்னார்வலர் மேற்பார்வையாளரை அழைக்கட்டும். வந்தவரிடம் சொல்லிவிட்டே அவர் வீட்டாரையோ அவர் நம்பும் பெரியவரையோ வரவழையுங்கள். வீட்டிலேயே ஆபத்து என்றால் வீட்டாரை அழைக்காமல் மேற்பார்வையாளர் சொல்படி செய்யுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவர் உடன் போய், அங்கே ஒரு மருத்துவப் பணியாளரிடம் பேசி ஒப்படைத்த பிறகே திரும்ப வேண்டும்.

எண்ணம் இருக்கிறது, திட்டமோ உடனடி நோக்கமோ இல்லை என்றால், மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லிவிட்டுப் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்த இது ஒரே தாளில் ஆறு படி:

1. நெருக்கடி வருவதற்கு முன் தனக்குத் தெரியும் அறிகுறிகள்.
2. யாருடைய துணையும் இல்லாமல் தானே செய்து மனதைத் திருப்பக்கூடியவை.
3. கவனத்தை மாற்ற உதவும் மனிதர்கள், போய் உட்காரக்கூடிய இடங்கள்.
4. "எனக்கு முடியல" என்று சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள், எண்ணோடு.
5. மருத்துவர், உதவி எண், அவசர சிகிச்சைப் பிரிவு.
6. சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது.

அவர் சொற்களிலேயே, முடிந்தால் அவர் கையாலேயே எழுதவையுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய திட்டம் பையிலேயே கிடக்கும். "பாட்டு கேட்பேன்" என்று எழுதினால் எந்தப் பாட்டு, ஹெட்போன் எங்கே இருக்கிறது என்பதுவரை கேளுங்கள். தாளைப் படமெடுத்து அவர் போனில் வைத்துக்கொள்ளட்டும். ஆறாவது படியைச் சங்கடப்பட்டுத் தாண்டாதீர்கள், உயிரைக் காக்கும் படி அதுதான். உச்ச நெருக்கடி பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் மாத்திரைகளோ பூச்சிக்கொல்லியோ கைக்கெட்டாமல் பூட்டியோ வீட்டைவிட்டு அகற்றியோ இருந்தால் அதைக் கடந்துவிட முடியும். யார் அதைச் செய்வார், இன்றைக்கே செய்வாரா என்று பெயரோடு முடிவு செய்யுங்கள்.

"அப்படிப் பண்ணமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். சத்தியம் யாரையும் காப்பாற்றுவதாகச் சான்று இல்லை, அடுத்தமுறை எண்ணம் வந்தால் உங்களிடம் சொல்லாமல் மறைப்பதற்கு மட்டும் அது வழிசெய்யும். 24 மணி நேரத்துக்குள் ஓர் அழைப்பு, ஒரு வாரத்துக்குள் நேரில் ஒரு சந்திப்பு. முயற்சி செய்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. "இப்பதான் டாக்டர் பாக்குறாங்களே" என்று நீங்கள் விலகிவிடக் கூடாத காலம் அது.

அடுத்தடுத்த சந்திப்புகள்

ஐந்து அல்லது ஆறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவில்லாமல் நீண்டால் சார்ந்திருக்கும் பழக்கம் வரும், புதியவர்களுக்கு இடமும் இருக்காது. பிரச்சினைகளை எல்லாம் எழுதி, தன் கையில் உள்ளவை, கையில் இல்லாதவை என்று பிரித்து, முதல் வகையில் மிகச் சிறிய ஒன்றை எடுப்பது ஒரு வழி. பெரியதை எடுத்தால் முதல் வாரமே தோற்று, "எனக்கு எதுவும் வேலைக்காகாது" என்ற நம்பிக்கை உறுதிப்படும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுத்திருப்பவரிடம், மனம் சரியாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்கச் சொல்வதில் பயனில்லை. செயல் முன்னால் போனால் மனநிலை பின்னால் வரும். தினமும் பந்து விளையாடியவர் மாதக்கணக்காகப் போகவில்லை என்றால் முதல் வாரக் காரியம் விளையாடுவதாக இருக்கக் கூடாது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவதே போதும். விடிகாலை நான்கு மணிக்குத் தூங்குகிறவரை இரவு பத்துக்குப் படுக்கச் சொன்னால் ஆறு மணி நேரம் புரண்டுகொண்டிருப்பார். படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தை நிலையாக்கி, வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும்போது "நல்லா ஆழமா இழுங்க" என்றால் தலைசுற்றும், பதற்றம் கூடும். இழுப்பது மூன்று எண்ணிக்கை, விடுவது மூன்று எண்ணிக்கை, மெதுவாக, வயிறு அசைய. ஆழத்தைவிட வேகத்தைக் குறைப்பதுதான் வேலை செய்கிறது.

வீட்டார், போன், கோப்பு

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று ஓர் அம்மா வந்து நிற்பார். அவரை எதிரியாக்காதீர்கள். "நீங்க இவ்வளவு அக்கறையா வந்தது நல்லதும்மா. அவங்க பேசினத அவங்கள கேக்காம நான் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்துன்னு பட்டா கண்டிப்பா உங்ககிட்ட வருவேன். வீட்ல நீங்க என்ன கவனிக்கிறீங்க, சொல்லுங்க." கேட்பதற்கு இரகசியம் தடையில்லை. பிறகு மகளிடம் எதையெல்லாம் அம்மாவிடம் பகிரலாம் என்று கேட்டு, முடிந்தால் மூவருமாக உட்காருங்கள்.

தன்னார்வலர் யாரும் சொந்த எண்ணைத் தரக்கூடாது. மையத்துக்கு ஒரே போன், இரவில் அது அணைந்திருக்கும் என்றால் அவசர எண் சொல்லும் பதிவு செய்த குரல். செய்தி அனுப்பும் முன், "இந்த போன வேற யாராவது பாப்பாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். "வெள்ளி 5 மணி" என்பதற்கு மேல் செய்தியில் எதுவும் வேண்டாம். மையத்தின் பெயர் பூட்டிய திரையிலேயே தெரிந்து ஒருவர் வீட்டில் மாட்டிக்கொண்டால், அவர் திரும்ப வரமாட்டார். கோப்பில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேடு தனிப் பூட்டில். ஒரு சந்திப்புக்கு அரைப் பக்கம் போதும்: பேசிய பொருள், ஆபத்து பற்றிக் கேட்டீர்களா, பதில் என்ன, என்ன முடிவு, அடுத்தது எப்போது. அன்றே எழுதுங்கள். நன்கொடையாளருக்காகப் படம் எடுக்கவே கூடாது, முதுகுப்புறமாகக்கூட.

வெளியில் சந்திப்பது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, கடன், பரிசு, சமூக ஊடக நட்பு எதுவும் கிடையாது. இது தன்னார்வலர் கையெழுத்திடும் நடத்தை விதியில் வரிவரியாக இருக்கட்டும். புகார் சொல்ல, மையத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் எண்ணைக் காத்திருக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

கணக்கும் காலமும்

பள்ளி, கல்லூரியில் பேசப் போனால் அடுத்த வாரம் கூட்டம் வரும். அதற்கு இடம் ஒதுக்கிய பிறகே பேசப் போங்கள். அந்தப் பேச்சில் தற்கொலைச் செய்திகளையும் வழிமுறைகளையும் தவிர்த்து, மையத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெரிதாக ஒன்றும் சொல்லாது. இரண்டாவது தடவை வந்தவர்கள் எத்தனை பேர், அனுப்பியவர்களில் மருத்துவரை உண்மையிலேயே பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அனுப்பிய ஏழாம் நாள் அழைத்துக் கேட்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: வண்டிச் செலவு, விடுப்பு, தனியாகப் போகப் பயம். வரவுசெலவில் பயணச் செலவுக்கு என்று ஒரு வரி இருந்தால் பாதி சிக்கல் அங்கேயே தீரும்.

கையில் 12 மாதச் செலவு உறுதியாகும் வரை திறக்காதீர்கள். மூடவேண்டிய நிலை வந்தால் மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள். புதியவர்களை எடுப்பதை அன்றே நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்து எங்கே, யாரிடம் என்று பெயரோடு ஏற்பாடு செய்யுங்கள். கோப்புகளைச் சட்டம் சொல்லும் காலம் வரை யார் வைத்திருப்பார் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். போன் எண்ணை உடனே துண்டிக்காமல் இன்னும் ஆறு மாதம் கட்டணம் கட்டி வைத்து, அழைக்கிறவருக்கு வேறு உதவி எண்ணைச் சொல்லும் பதிவை ஓடவிடுங்கள்.